"உடம்பு எப்படி இருக்கு"ன்னு கேக்க ஒரு கேள்வி போதுமா, நாப்பத்தெட்டு வேணுமா

எங்க அக்கா பொண்ணு கோலாலம்பூர்ல பப்ளிக் ஹெல்த் மாஸ்டர்ஸ் பண்றா. லீவுக்கு பினாங்கு வந்தவ பேக்க கூட கீழ வைக்கல, நேரா லேப்டாப்ப திறந்துட்டா. "மாமா, அஞ்சு கேள்வித்தாள் இருக்கு, எதுன்னு வெள்ளிக்கிழமைக்குள்ள சூப்பர்வைசர்கிட்ட சொல்லணும்." நான் சர்வே டேட்டா க்ளீன் பண்ணியே பொழப்ப ஓட்டுறவன், அதனால வீட்டுல யாருக்கு எந்த ஃபார்ம்ல சந்தேகம்னாலும், அது பேங்க் ஃபார்மா இருந்தாலும் சரி, என்கிட்டதான் வரும். இந்த தடவை வந்தது உண்மையிலேயே என் ஏரியா.

அவ தலைப்பு இதுதான்: ரொம்ப உயரமான ஊர்ல படிக்கிற யூனிவர்சிட்டி பசங்க தங்களோட ஆரோக்கியத்த தாங்களே எப்படி மதிப்பு போடுறாங்க, கடல் மட்டத்துல படிக்கிறவங்களோட வெச்சு பாத்தா என்ன வித்தியாசம். கீழ இருக்கிற கேம்பஸ் பினாங்கு. மேல இருக்கிறது வட இந்தியாவுல லடாக், லே பக்கம், ஏறக்குறைய 3,500 மீட்டர். "ஏன் அவ்வளவு தூரம் போற, பினாங்கு ஹில்லுக்கு ட்ரெயின்ல போய் நாலு பேர கேட்டுட்டு வா"ன்னு நான் கிண்டல் பண்ணேன். பினாங்கு ஹில் 833 மீட்டர்தான், கெந்திங் கூட 1,800 சொச்சம்தான். பொதுவா 2,500 மீட்டருக்கு மேல போனாதான் உடம்பு ஒழுங்கா கம்ப்ளெயின் பண்ண ஆரம்பிக்கும்னு கணக்கு. மலேசியாவுல அந்த உயரத்துல இருக்கிறது கினாபாலு மாதிரி ஒரு சில மலைதான், அங்க யாரும் டிகிரி படிக்கல. அதனால அவளுக்கு லே, சீனாக்காரங்களுக்கு லாசா (3,650 மீட்டர்), தென் அமெரிக்காவுல லா பாஸ், பூனோ, கூஸ்கோ. கேம்பஸ் எதுவா இருந்தாலும் எந்த ஸ்கேல்ல, அதாவது எந்த கேள்வித்தாள்ல, அளக்கிறதுங்கிற கேள்வி ஒண்ணுதான்.

மேல போனா காத்துல ஆக்சிஜன் பர்சன்டேஜ் குறைஞ்சிடும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அது தப்பு. எல்லா இடத்துலயும் அதே 21 தான், குறையிறது காத்தோட அழுத்தம். கடல் மட்டத்துல 760 மில்லிமீட்டர் பாதரசம்னா லே உயரத்துல அது ஐநூறுக்கு பக்கத்துல வந்துடும், அப்போ ஒவ்வொரு மூச்சுலயும் நமக்கு கிடைக்கிறது இங்க கிடைக்கிறதுல மூணுல ரெண்டு பங்குதான். மாடிப்படி ஏறினா மூச்சு வாங்கும், ராத்திரி தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வரும், பசிக்காது. ஆனா இது புதுசா போனவனுக்கு. அங்கயே பொறந்து வளர்ந்தவனுக்கு அப்படி இல்ல. இந்த ஒரு விஷயத்த மறந்தா அஞ்சு ஸ்கேல்ல எத எடுத்தாலும் வேஸ்ட்டுன்னு அவகிட்ட முதல்லயே சொல்லிட்டேன், ஏன்னு பிறகு வரேன்.

லிஸ்ட்ல முதல்ல இருந்தது ஒத்த கேள்வி. "பொதுவா உங்க ஆரோக்கியம் எப்படி?" அஞ்சு பதில், அவ்வளவுதான். பாத்தா சின்னப்பிள்ளை வேலை மாதிரி இருக்கும். ஆனா 1982ல மோசி, ஷாபிரோன்னு ரெண்டு பேர் கனடாவுல மனிடோபா மாகாணத்து வயசானவங்க டேட்டாவ எடுத்து பாத்தாங்க, டாக்டர் ரெக்கார்ட விட ஆளு தானே சொன்ன பதில்தான் யார் சீக்கிரம் போவாங்கன்னு நல்லா காட்டிச்சு. 1997ல ஐட்லர், பெனியாமினி ரெண்டு பேரும் இந்த மாதிரி 27 ஆய்வ ஒண்ணா வெச்சு பாத்தாங்க, கிட்டத்தட்ட எல்லாத்துலயும் அதே கதை. 2006ல வந்த ஒரு தொகுப்பாய்வுல "புவர்"னு சொன்னவங்களுக்கு "எக்ஸலண்ட்"னு சொன்னவங்கள விட சாவு ரிஸ்க் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. ஒரே ஒரு கேள்விக்கு இவ்வளவு பவர் இருக்கிறது இந்த தொழில்ல ரொம்ப அபூர்வம்.

"அப்ப முடிஞ்சது, இதையே எடுத்துக்கிறேன்"னா. இரு இரு, அவசரப்படாத. அந்த ஆய்வெல்லாம் முக்காவாசி பெருசுங்க மேல. இருபது வயசு பையன் யாரும் அடுத்த அஞ்சு வருஷத்துல சாகப்போறதில்ல, அவன்கிட்ட அந்த பதில் எத அளக்குதுங்கிறது வேற விஷயம், பெரும்பாலும் தூக்கம், மனசு, களைப்பு, ஃபிட்னஸ் எல்லாம் கலந்த ஒரு கலவைதான் வரும். அவ ஆய்வுக்கு அது போதும்தான், ஆனா அது "உடம்புல நோய் இருக்கா"ங்கிறதுக்கு பதில் இல்லன்னு தீசிஸ்ல ஒரு இடத்துலயாவது எழுதியே ஆகணும்.

அடுத்த தலைவலி அந்த அஞ்சு பதில். ரெண்டு செட் புழக்கத்துல இருக்கு. அமெரிக்கா செட்டு: எக்ஸலண்ட், வெரி குட், குட், ஃபேர், புவர். ஐரோப்பா செட்டு: வெரி குட், குட், ஃபேர், பேட், வெரி பேட். அமெரிக்கா செட்டுல நல்ல பக்கம் மூணு படி இருக்கு, ஐரோப்பா செட்டுல ரெண்டே ரெண்டு, "ஃபேர்" நடுவுல உக்காந்திருக்கும். மாணவர்கள் எல்லாரும் மேல் பக்கம்தான் கூட்டம் போடுவாங்க, அங்க படி ஜாஸ்தியா இருந்தாதான் ஒருத்தனுக்கும் இன்னொருத்தனுக்கும் வித்தியாசம் தெரியும், அதனால என் ஓட்டு அமெரிக்கா செட்டுக்கு. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கணும், இந்த ரெண்டு செட்டையும் கலந்து "அவங்க நாட்டுல 20 சதவீதம், நம்ம நாட்டுல 30 சதவீதம்"னு ஒப்பிட்டா அது ரிங்கிட்டையும் ரூபாயையும் மாத்தாம கூட்டின மாதிரி.

சரி, வாய்ல பேசிக்கிட்டே இருந்தா ஆகாதுன்னு ராத்திரி மாமாக் கடைக்கு போனோம். அவளோட பழைய ஸ்கூல் ஃப்ரெண்ட்ஸ் நாலு பேர், எல்லாம் இங்க காலேஜ் படிக்கிறவங்க, தே தாரிக் வர்றதுக்குள்ள போன்ல அந்த ஒத்த கேள்விய தட்ட சொன்னா. நாலு பேருக்கும் இங்லீஷ்லயும் தமிழ்லயும். தமிழ்ல "ஃபேர்"க்கு அவ போட்டிருந்தது "பரவாயில்லை". ஒரு பையன் இங்லீஷ்ல "குட்" தட்டிட்டு தமிழ்ல "பரவாயில்லை" தட்டினான், ஏண்டான்னு கேட்டா, "ரெண்டும் ஒண்ணுதானே அண்ணே, போன வாரம் காய்ச்சல், இப்ப பரவால்ல"ங்கிறான். அவன் சொல்றதும் சரிதான், காய்ச்சல் வந்தவன் "பரவாயில்லை"ன்னா நல்லாயிட்டான்னு அர்த்தம், நல்லா இருக்கிறவன் "பரவாயில்லை"ன்னு இழுத்தா ஏதோ சரியில்லன்னு அர்த்தம். ஒரே சொல் ரெண்டு திசையில போகுது. பக்கத்துல இருந்த பொண்ணு இங்லீஷ் லிஸ்ட்ட பாத்துட்டு, "அக்கா, ஃபேர்னா வெள்ளையா இருக்கிறதா?"ன்னு கேட்டுச்சு. எங்களுக்கு சிரிப்பு தாங்கல, ஆனா எழுதி வெச்சுக்கோன்னு சொன்னேன். இதெல்லாம் ஆபீஸ் ரூம்ல உக்காந்து மொழிபெயர்த்தா கண்ணுல படாது.

இது நம்ம மொழிக்கு மட்டும் வந்த வியாதி இல்ல. ஸ்பானிஷ்ல "ஃபேர்"க்கு வழக்கமா "ரெகுலார்"னு போடுவாங்க. ஸ்பானிஷ் பேசுறவங்க அத "சாதாரணமா, ஓகேவா இருக்கேன்"ங்கிற மாதிரி எடுத்துக்கிறாங்க, அதனால அமெரிக்காவுல இருக்கிற ஸ்பானிஷ்காரங்க நிஜமா இருக்கிறத விட மோசமான ஆரோக்கியத்துல இருக்கிற மாதிரி பேப்பர்ல வந்துச்சு. லா பாஸ்லயோ பூனோவுலயோ இதே ஆய்வ பண்றவங்க முதல்ல அந்த ஒத்த சொல்லத்தான் பாக்கணும். எங்க வீட்டு கேஸ்ல லே மாணவர்களுக்கு இங்லீஷும் ஹிந்தியும், பினாங்குக்கு இங்லீஷும் மலாயும். தமிழ் வேண்டாம்னு கடைசியில விட்டுட்டா, எனக்கு லேசா வருத்தம்தான், ஆனா அவ சாம்பிள்ல தமிழ்லதான் படிப்பேன்னு யாரும் இருக்க மாட்டாங்க.

இப்ப நான் பிறகு வரேன்னு சொன்ன விஷயத்துக்கு வரேன். "உங்க ஆரோக்கியம் எப்படி"ன்னு கேட்டா நாம உடம்ப மட்டும் பாத்து பதில் சொல்றதில்ல, பக்கத்துல இருக்கிறவனையும் பாத்துத்தான் சொல்றோம். அமர்த்தியா சென் 2002ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல இத அழகா எழுதியிருந்தார். அப்ப இந்தியாவுலயே அதிக ஆயுள் இருந்த கேரளாவுலதான் "எனக்கு உடம்பு சரியில்ல"ன்னு சொல்றவங்க ரொம்ப அதிகம், ஆயுள் குறைவா இருந்த பீகார்ல அப்படி சொல்றவங்க கம்மி. அமெரிக்கா கேரளாவையும் தாண்டுது. படிப்பும் ஆஸ்பத்திரியும் கிட்ட இருக்கிறவனுக்கு எது நோய்னு தெரியுது, மத்தவனுக்கு அதுதான் வாழ்க்கைன்னு ஆயிடுது.

எனக்கு இது கினாபாலுல நேரா புரிஞ்சுச்சு. ஆபீஸ் ஆளுங்களோட போனோம், முதல் நாள் 3,270 மீட்டர்ல பனாலாபான்ல தங்குறது, நடுராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து உச்சிக்கு கிளம்புறது. அன்னிக்கு ராத்திரி எனக்கு மண்டை ரெண்டா பிளக்குது, சாப்பிட்ட சூப் அப்படியே வெளிய வந்துடுச்சு. டாய்லெட்ல இருந்து வெளிய வர்றேன், கைடு "ஓகே போஸ்?"ங்கிறார், நான் பெருவிரல தூக்கி "ஓகே, ஓகே" லா. பொய் சொல்லணும்னு சொல்லல. அந்த ரூம்ல பதினோரு பேர்ல எட்டு பேர் அதே நிலைமையில கிடந்தாங்க, அவங்கள பாத்தா நான் ஓகேதான். அதே தலைவலி ஜோர்ஜ் டவுன்ல வந்திருந்தா நேரா கிளினிக் போய் எம்சி, அதான் மெடிக்கல் லீவு சீட்டு, வாங்கியிருப்பேன்.

மேல எல்லாருக்கும் மூச்சு வாங்குதுன்னா மூச்சு வாங்குறது ஆரோக்கியக் குறைவா தெரியாது. அதனால உயரமான ஊர்ல ஒத்த கேள்விக்கு வர்ற பதில், கீழ வர்ற பதில் மாதிரியே இருந்தாலும் உடம்பு ஒரே மாதிரின்னு அர்த்தம் இல்ல. அங்க தாக்குப்பிடிக்க முடியாதவன் முதல் செமஸ்டர்லயே கிளம்பிடுவான், மீதி இருக்கிறவனத்தான் நாம கேக்குறோம், அது வேற ஒரு பக்கம் இழுக்கும். இது எல்லா ஸ்கேலுக்கும் உள்ள பிரச்சனை. எந்த ஸ்கேல் இத மறைக்குது, எது காட்டிக்கொடுக்குதுன்னு பாத்துத்தான் சூஸ் பண்ணணும்னு அவகிட்ட சொன்னேன்.

ரெண்டாவது ஆப்ஷன் எஸ்எஃப்-36, அதோட தம்பி எஸ்எஃப்-12. 36 கேள்வி, எட்டு பிரிவு, 1992ல வந்தது. சின்னது 1996ல வந்தது, பன்னெண்டு கேள்வில உடம்புக்கு ஒரு மார்க், மனசுக்கு ஒரு மார்க், அமெரிக்க ஜனங்களோட சராசரி 50ன்னு வெச்சு. உலகம் முழுக்க ஓடுற ஸ்கேல், ஒப்பிட ஆய்வு நிறைய கிடைக்கும். ஆனா எஸ்எஃப்-12ல உடம்பு மார்க்குக்கு ஒரு கேள்வி இருக்கு: மேசைய நகத்துறது, வேக்கம் க்ளீனர் தள்ளுறது, பௌலிங், கோல்ஃப் மாதிரி மிதமான வேலை செய்ய உங்க உடல்நிலை தடையா இருக்கா? லே ஹோஸ்டல்ல இருக்கிற பையன் வேக்கம் க்ளீனர எங்க பாத்தான், கோல்ஃபுக்கு எங்க போவான்! அத கூட ஊர் உதாரணம் போட்டு சமாளிச்சிடலாம். அடுத்த கேள்விதான் வில்லன்: பல மாடி படிக்கட்டு ஏற தடையா இருக்கா. 3,500 மீட்டர்ல புதுசா வந்த, நோய் நொடி இல்லாத ஆளும் "ஆமா, கொஞ்சம்"னுதான் தட்டுவான். அங்க அந்த கேள்வி அளக்குறது ஆரோக்கியத்த இல்ல, காத்தழுத்தத்த. உடம்பு மார்க் மொத்தமா கீழ இறங்கிடும், அவ அத பாத்துட்டு "உயரத்துல மாணவர்கள் உடல்நலம் மோசம்"னு எழுதுவா. நான் விட மாட்டேன்.

காசு விஷயமும் இருக்கு. எஸ்எஃப்-12க்கு லைசன்ஸ் எடுக்கணும். எஸ்எஃப்-36ல இருக்கிற அதே கேள்விகளோட ராண்ட்-36ன்னு ஒரு வெர்ஷன் இருக்கு, அது இலவசம். மாஸ்டர்ஸ் மாணவிக்கு இது சின்ன விஷயம் இல்ல.

மூணாவது ஈக்யூ-5டி-5எல். இத நான் சீக்கிரம் தள்ளி வெச்சிட்டேன். நடக்கிறது, தன் வேலைய தானே பாத்துக்கிறது, வழக்கமான வேலை, வலி, கவலை, இந்த அஞ்சுல ஒவ்வொண்ணுக்கும் அஞ்சு லெவல், மொத்தம் 3,125 விதமா ஒரு ஆள விவரிக்கலாம். ஆஸ்பத்திரில மருந்து செலவுக்கு ஏத்த பலன் கிடைக்குதான்னு கணக்கு போடுறவங்களுக்கு இது தங்கம். ஆனா இருபது வயசு பசங்ககிட்ட குடுத்தா நிறைய பேருக்கு 11111னுதான் வரும், எந்த பிரச்சனையும் இல்லன்னு அர்த்தம். மூச்சு, தூக்கம், களைப்பு மூணும் அந்த அஞ்சுல கிடையாது, உயரமான ஊர்ல பாடா படுத்துறதே அந்த மூணுதான். அதுல 0ல இருந்து 100 வரைக்கும் தெர்மாமீட்டர் மாதிரி ஒரு கோடு இருக்கும், "இன்னிக்கு" உங்க ஆரோக்கியம் எங்கன்னு காட்டணும், அது மட்டும் எனக்கு பிடிக்கும். ஆனா இன்னிக்குன்னு கேட்டா நேத்து மேட்ச் ஆடி கால் வலிக்கிறதும் சேந்து வரும்.

நாலாவதுதான் அவ மனசுல இருந்தது, ஏன்னா பீடபூமி மாணவர்கள பத்தி அவ படிச்ச சீன ஆய்வுல அதான் இருந்துச்சாம். எஸ்ஆர்எச்எம்எஸ்னு சொல்லுவாங்க, சீனாவுல உருவான சுய மதிப்பீட்டு ஸ்கேல், 48 கேள்வி. உடம்பு, மனசு, சமூகம்னு மூணு பகுதி, ஒவ்வொரு கேள்விக்கும் 0ல இருந்து 10 வரைக்கும் மார்க். உடம்புக்கு 170, மனசுக்கு 150, சமூகத்துக்கு 120, ஆக மொத்தம் 440. மீதி நாலு கேள்வி பொதுவா எப்படின்னு கேக்குறது, அது மொத்தத்துல சேராது. இதோட பலம் மூணாவது பகுதி: கஷ்டம்னா யாருகிட்ட போவீங்க, ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்களா, குடும்பம் தாங்குதா. வீட்ட விட்டு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி லாசாவுல படிக்கிற பையனோட ஆரோக்கியத்த பத்தி பேசும்போது இத கேக்காம விடுறது சரியில்ல, எஸ்எஃப்-12ல இது பேருக்குத்தான் இருக்கு.

ஆனா போன்ல 48 ஸ்லைடர்! இந்த வேலைல எனக்கு கிடைச்ச அடில பாதி இங்கதான். ஒரு தடவை அறுபது கேள்வி ஃபார்ம் ஒண்ண க்ளீன் பண்ணேன், இருபதாவது கேள்விக்கு மேல ஒரே நம்பர வரிசையா தட்டிட்டு போயிருந்தாங்க, 7, 7, 7, 7ன்னு. நடுவுல எதிர்மறையா கேட்ட கேள்விக்கும் அதே 7. அப்படின்னா நல்லா தூங்குறேன், தூக்கமே வரல, ரெண்டுக்கும் 7. அந்த டேட்டாவ என்ன பண்ணுவீங்க, தூக்கித்தான் போடணும். இந்த ஸ்கேல்லயும் திருப்பி மார்க் போட வேண்டிய கேள்வி நிறைய இருக்கு. வகுப்புல உக்கார வெச்சு பேப்பர்ல கேட்டா ஓடும், வாட்ஸ்அப் லிங்க்ல ஓடாது. சீன கேம்பஸ் எண்களோட நேரடியா ஒப்பிடணும்னா இதத்தான் எடுக்கணும், வேற வழி இல்ல. அவளோட ஒப்பீடு பினாங்கோட, அதனால வேண்டாம்.

அஞ்சாவது லேக் லூயிஸ் ஸ்கோர். இது மத்த நாலோட சேராது, எதுக்கு லிஸ்ட்ல போட்டான்னே தெரியல. மலை நோய்க்கு உள்ளது: தலைவலி, வயித்து கோளாறு, களைப்பு, தலைசுத்தல், ஒவ்வொண்ணுக்கும் 0ல இருந்து 3. தலைவலி இருந்து மொத்தம் 3 தாண்டினாலோ தொட்டாலோ மலை நோய்னு எடுத்துக்கலாம். முன்னாடி தூக்கமும் அதுல இருந்துச்சு, 2018ல திருத்தினப்ப எடுத்துட்டாங்க. மேல ஏறின முதல் சில நாளைக்குத்தான் இது. ரெண்டு வருஷமா அங்க இருக்கிற மாணவனுக்கு தலைவலி வந்தா அது பரீட்சை தலைவலியா கூட இருக்கலாம். ஆக்சிமீட்டர் வாங்கி எல்லார் விரல்லயும் மாட்டலாமான்னும் கேட்டா. லே குளிர்ல விரல் ஐஸ் மாதிரி இருக்கும், நெயில் பாலிஷ் ஒரு பக்கம் கெடுக்கும், கறுத்த தோல்ல கொஞ்சம் கூட்டி காட்டும்னு ஏற்கனவே தெரிஞ்ச விஷயம். அதுவும் போக அவ ஆய்வு மாணவர்கள் என்ன நினைக்கிறாங்கங்கிறத பத்தி, ரத்தத்துல ஆக்சிஜன் எவ்வளவுங்கிறத பத்தி இல்ல.

அப்ப எதத்தான் எடுக்கிறதுன்னு கேட்டா, நான் சொன்னது ஒரு கலவை. ராண்ட்-36 இலவசம்னு சொன்னேன்ல, அதோட முதல் கேள்வியே இந்த ஒத்த கேள்விதான், அமெரிக்கா செட்டோட. ரெண்டாவது கேள்வி இன்னும் அழகு: போன வருஷத்தோட ஒப்பிட்டா இப்ப உங்க ஆரோக்கியம் எப்படி. முதல் வருஷ மாணவனுக்கு போன வருஷம்னா கேம்பஸுக்கு வர்றதுக்கு முன்னாடி, அதாவது பக்கத்துல இருக்கிறவனோட ஒப்பிடாம தன்னோடயே ஒப்பிடுறான். நான் கினாபாலுல சொன்ன பிரச்சனைக்கு முழு மருந்து இல்லதான், ஆனா காட்டிக்கொடுக்கும். அதுக்கு பிறகு ராண்ட்-36ல இருந்து தெம்பு, களைப்பு பத்தின நாலு கேள்வி, மனநிலை பத்தின அஞ்சு கேள்வி. படிக்கட்டு, மேசை எல்லாம் வேண்டாம். தூக்கத்துக்கு ஒண்ணு, கஷ்டம்னா பேச ஆள் இருக்கான்னு ஒண்ணு. "உங்க வயசு பசங்களோட ஒப்பிட்டா எப்படி"ங்கிற ஒப்பீட்டு கேள்வியும் ஒண்ணு கடைசில. லேக் லூயிஸ் வந்து, கடந்த ஒரு வாரத்துக்குள்ள மேல வந்தவங்களுக்கு மட்டும் திறக்கும், மத்தவங்களுக்கு அந்த பக்கமே வராது. எண்ணி பாத்தா பதினாலு, அஞ்சு நிமிஷம் கூட ஆகாது.

வரிசைக்குத்தான் சண்டை வந்துச்சு. அவ முதல் பக்கத்துல வயசு, கோர்ஸ், ஆஸ்துமா இருக்கா, ரத்தசோகை இருக்கான்னு லிஸ்ட் போட்டுட்டு பிறகு ஒத்த கேள்விய வெச்சிருந்தா. நோய் பேரெல்லாம் வாசிச்சிட்டு "உங்க ஆரோக்கியம் எப்படி"ன்னு கேட்டா பதில் மாறும்மா, பேய்க்கதை கேட்டுட்டு தனியா கக்கூஸ் போற மாதிரி. ஒத்த கேள்வி எல்லாத்துக்கும் முன்னாடி, பேர் ஊர் கேக்குறதுக்கும் முன்னாடி. ரெண்டு கேம்பஸ்லயும் அதே இடத்துல.

அவ ஃபார்ம்ல இல்லாத ரெண்டு கேள்விய நான் வம்பா சேத்தேன். ஒண்ணு, எந்த ஊர்ல வளர்ந்தீங்க. அவ "லே கேம்பஸ் = உயரத்துக்கு வந்தவங்க"ன்னு நினைச்சிட்டிருந்தா. சாங்தாங் பீடபூமி 4,000 மீட்டருக்கு மேல இருக்கு, அங்க ஆடு மேய்க்கிற குடும்பத்து பிள்ளைக்கு லே வர்றதுன்னா கீழ இறங்குறது! கார்கில்ல இருந்து வர்றவனுக்கு ஏத்தம், ஆனா பெரிய ஏத்தம் இல்ல. ஜம்முவுல வளர்ந்தவனுக்கு மட்டும்தான் உண்மையான ஏத்தம். திபெத்திய வம்சாவளிக்காரங்களுக்கு ரத்தத்துல ஹீமோகுளோபின் தாறுமாறா ஏறாம பாத்துக்கிற மரபணு மாற்றமே இருக்கு, இபிஏஎஸ்1னு பேரு. இந்த மூணு பேரையும் ஒரே கூடைல போட்டு சராசரி எடுத்தா அந்த நம்பர் யாரையும் குறிக்காது. ரெண்டாவது கேள்வி, கடைசியா எப்ப மேல வந்தீங்க. அங்கயே பொறந்தவங்க கூட சில வாரம் கீழ இருந்துட்டு திரும்பி ஏறும்போது நுரையீரல்ல நீர் கோத்துக்கிறது உண்டு, அதனால "நான் உள்ளூர்க்காரன்"ங்கிற பதில மட்டும் நம்பி விட்டுடக்கூடாது.

சாம்பிள் சைஸ் பத்தி ஒரு வார்த்தை. ரெண்டு கேம்பஸும் சேத்து 200 பேர் கிடைச்சாங்கன்னு வைங்க, அதுல பத்துல ஒருத்தர் "ஃபேர்" இல்லன்னா "புவர்"னா வெறும் 20 பேர். நிறைய பேர் செய்யுற மாதிரி அஞ்சு பதில ரெண்டா மடக்கி, நல்லது கெட்டதுன்னு லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் (ரெண்டே பதில் உள்ள விஷயத்தோட எதெல்லாம் சம்பந்தப்படுதுன்னு பாக்குற கணக்கு) ஓட்டினா, ஒரு காரணிக்கு பத்து பேராவது கெட்ட பக்கம் வேணுங்கிற பழைய கணக்குப்படி ரெண்டே ரெண்டு காரணிதான் தாங்கும். உயரம் ஒண்ணு, ஆணா பெண்ணாங்கிறது ஒண்ணு, முடிஞ்சுது. அஞ்சையும் அஞ்சாவே வெச்சு, அந்த வரிசைய அப்படியே எடுத்துக்கிற ஆர்டினல் மாடல் போடு, மடக்காதன்னு சொன்னேன். அவ சூப்பர்வைசர் மடக்க சொல்லலாம், அப்போ அவங்க பேச்ச கேளு, ஆனா மடக்காததையும் ஒரு டேபிள்ல காட்டு.

கடைசியா பினாங்கு. அவ பினாங்க "நார்மல்"னு எழுதியிருந்தா. எந்த மாசம் நார்மல்? புகைமூட்டம் வந்தா இங்க எல்லாருக்கும் தொண்டை கரகர, கண்ணு எரிச்சல், 2019 செப்டம்பர்ல நாடு முழுக்க எத்தனை ஸ்கூல் மூடினாங்கன்னு அவளுக்கே ஞாபகம் இருக்கு, அவ லீவு கிடைச்சுதுன்னு குதிச்சா. அந்த மாசத்துல இங்க கேட்டா மேல இருக்கிறவன் நம்மள விட நல்லா இருக்கிற மாதிரி வரும். நோன்பு மாசத்துல கேட்டா தூக்கமும் தெம்பும் மாறும், பரீட்சை வாரத்துல கேட்டா எல்லாரும் செத்துக்கிட்டிருப்பாங்க.

அதனால தேதிதான் கடைசியா முடிவாச்சு, அதுக்கே ஒன்றரை மணி நேரம், அக்கா ரெண்டு தடவை சாப்பிட கூப்பிட்டு திட்டிட்டு போனாங்க. லேல குளிர் லீவு முடிஞ்சு திரும்பி வந்து குறைஞ்சது ஒரு மாசம் ஆன பிறகு அங்க ஃபார்ம் போகும், வந்த வாரமே இல்ல. பினாங்குல செமஸ்டர் நடுவுல, நோன்பும் இல்லாம புகையும் இல்லாத நாளா பாத்து. ரெண்டு இடத்துக்கும் ஒரே வாரம் கிடைக்கவே இல்ல, மூணு வாரம் தள்ளித்தான் வருது. அத தீசிஸ்ல குறையா எழுதிடுன்னு சொல்லிட்டு சாப்பிட போனோம்.